இரும்பின் ஒலியும் இசைத்தட்டும்

1965ஆம் ஆண்டளவில், இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்து உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு 17 வயது இளைஞன் ஒருவன் தன் கடைசி நாள் வேலைக்குச் சென்றான். வேலையை விட்டு ஓர் இசைக்குழுவோடு ஐரோப்பாவுக்குச் செல்வதாக அவனுக்கு எண்ணம். அன்று அழுத்துப்பொறியில் நிற்கவேண்டிய தொழிலாளி வரவில்லை. பழக்கமில்லாத அப்பொறியில் அவனை நிறுத்தினார்கள். பொறி இறங்கியது. வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போயின. இடக்கைப் பழக்கமுள்ள அவன் கிற்றாரின் தந்திகளை அழுத்துவது அந்த வலக்கை விரல்களாலேயே.

அவன் பெயர் ரொனி அயோமி. இனி வாசிக்க முடியாதென்று வைத்தியர்கள் கைவிரித்தனர். தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் ரோமா குலத்துக் கலைஞரின் இசைத்தட்டை அவனுக்குப் போட்டுக் காட்டினார். தீவிபத்தில் இரு விரல்கள் செயலிழந்த பின்னும் ஐரோப்பா வியக்க வாசித்தவர் அவர். அதைக் கேட்ட அயோமி, பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்ரிக் போத்தலொன்றை உருக்கி, தையற்காரர் விரலில் இடும் உறையைப்போல இரண்டு செய்து, பழைய தோற்சட்டையிலிருந்து வெட்டிய துண்டுகளை அவற்றின்மேல் ஒட்டினான். பிளாஸ்ரிக்குக்கு உணர்ச்சி இல்லை. தடித்த தந்தியை அழுத்தினால் வலிக்கும், வழுக்கும். ஆகவே பான்ஜோ வாத்தியத்தின் மெல்லிய தந்திகளை வாங்கிக் கிற்றாரிற் பூட்டினான். பின்னர் தந்திகளைத் தளர்த்தவும் செய்தான். தளர்ந்த தந்தி தாழ்ந்து ஒலிக்கும். 1971இல் வெளிவந்த அவர்களது மூன்றாவது இசைத்தொகுதியிற் சில பாடல்களுக்குச் சுருதி மூன்று அரைச்சுரங்கள் இறக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உலகெங்கும் ‘ஹெவி மெற்றல்’ எனப் பெயர்பெற்ற இசையின் அந்தக் கனமான, அடியாழத்திலிருந்து எழும் ஒலிக்கு இப்படியொரு பிறப்புக் கதை உண்டு. அழகியல் நூல்களில் இது அகப்படாது.

இவ்விசையைப் பற்றி முற்போக்கு ஏடொன்றில் எழுதவேண்டுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எம்மவரிற் பலர் இதைக் கேளாமலே தீர்ப்பளித்துவிட்டனர். ஏகாதிபத்தியத்தின் நசிவுக் கலை என்பர் சிலர். வெறும் இரைச்சல் என்பர் வேறு சிலர். கலையை வர்க்க நோக்கில் ஆராயவேண்டும் என்று மேடைதோறும் முழங்குவோர், ஒரு தொழிலாளர் குடியிருப்பில் நான்கு தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆக்கிய கலையை ‘இரைச்சல்’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்குவது விந்தையானது. 1960களின் தொடக்கத்தில் எமது எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளிலே பெய்தபோது, மரபு காத்த பண்டிதர்கள் அதை ‘இழிசனர் வழக்கு’ என்றார்கள். அன்று அச்சொல்லை எதிர்த்து நின்றவர்களின் வழிவந்தோர் நாம். மொழியிலே இழிசனர் வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, ஒலியிலே மட்டும் அப்படியொன்று உண்டென்று சாதிப்பது எங்ஙனம்?

அந்த நால்வரும் பேர்மிங்காமின் அஸ்ரன் பகுதியினர். கிற்றார் வாசித்த அயோமி, பாடிய ஓஸி ஒஸ்போர்ன், முரசு வாசித்த பில் வாட் ஆகிய மூவரும் 1948இற் பிறந்தவர்கள். தாழ்சுரக் கிற்றார் வாசித்தவரும் பெரும்பாலான பாடல்களை எழுதியவருமான கீசர் பட்லர் 1949இற் பிறந்தார். பட்லர் கணக்காளர் வேலைக்குப் பயின்றவர். ஒஸ்போர்ன் மாடறுக்கும் கூடத்தில் வேலை செய்தார். அதற்கு முன் மோட்டார் வண்டிகளின் ஊதுகுழலை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்து சரிபார்ப்பது அவர் தொழில். நாள் முழுதும் ஊதுகுழல் ஓசை! இரண்டாம் உலகப் போரில், 1940, 1941ஆம் ஆண்டுகளில், ஜேர்மன் விமானங்கள் பேர்மிங்காமைக் கடுமையாகத் தாக்கின. போர் முடிந்து பல்லாண்டு சென்றும் இடிபாடுகள் அகற்றப்படாதிருந்தன. இந்தப் பிள்ளைகள் விளையாடிய வெளிகள் அவையே. கண்டாவளையிலும் முரசுமோட்டையிலும் தருமபுரத்திலும் உள்ள வாசகர்களுக்கு இதை மேலும் விளக்கவேண்டியதில்லை.

1967ஆம் ஆண்டிலே மேல்நாட்டு இளைஞர் இசை, பூக்களையும் அன்பையும் கோடைகாலத்தையும் பாடிக்கொண்டிருந்தது. அது பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆயின் அது அஸ்ரனில் விளைந்ததன்று. அங்கே கோடையிலும் புகைதான். நால்வரும் தம் குழுவுக்கு முதலில் ‘ஏர்த்’, அதாவது பூமி, என்று பெயரிட்டிருந்தனர். பயிற்சி செய்த இடத்துக்கு எதிரேயிருந்த படமாளிகையில் திகிற் படத்துக்கு மக்கள் வரிசையில் நிற்பதைக் கண்டு, அஞ்சுவதற்கும் காசு கொடுக்கிறார்களே என்று வியந்தார்களாம். அப்படி ஒரு படத்தின் பெயரே ‘பிளாக் சபாத்’ என்ற குழுப்பெயராயிற்று. இதில் வணிக உத்தி இல்லை என்று வாதிடுவது வீண். வயிற்றுக்கு வழி தேடிய இளைஞர்கள் சந்தையைப் பார்த்தே பெயரிட்டார்கள்.

இனி இசைத்தொகுதி உருவான விதத்துக்கு வருவோம். 1969 ஒக்ரோபரில் இலண்டனிலுள்ள றீஜென்ற் சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவர்கள் சென்றார்கள். தயாரிப்பாளர் றொஜர் பெயின், ஒலிப்பதிவாளர் ரொம் அலொம். முதல் தொகுதி முழுவதும் ஏறக்குறைய ஒரே நாளிற் பதிவாயிற்று. மேடையில் வாசித்ததை அப்படியே வாசித்தார்கள், முடித்தார்கள், புறப்பட்டார்கள். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன் பீற்றில்ஸ் குழுவினர் தம் ‘சார்ஜன்ற் பெப்பர்’ தொகுதியை 1966ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1967 ஏப்ரல் வரை பதிவுக்கூடத்தில் இழைத்திழைத்துச் செய்தனர். ஒருவருக்கு மாதங்கள், இன்னொருவருக்கு ஒரு நாள்! பதிவுக்கூடத்தின் மணிக்கணக்கு காசுக்கணக்கு. அந்தக் கணக்கு இசையின் உருவத்தையே தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பீற்றில்ஸ் தொகுதியில் ஒலிநாடாவே ஒரு வாத்தியம். பிளாக் சபாத்தின் முதல் தொகுதியில் நால்வர் ஓர் அறையில் நின்று வாசிப்பது கேட்கிறது, அவ்வளவுதான். பிழைகளும் கேட்கின்றன. மழையும் இடியும் தேவாலய மணியும் பின்னர் சேர்க்கப்பட்டன. எனது செவிக்கு அவை வேண்டாத ஒப்பனையாகவே படுகின்றன.

முதற்பாடலின் இசையமைப்பில் எமது இசை அறிந்தோர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒரு சுரம், அதன் மேற்தாயிச் சுரம், பின் ஆதார சுரத்திலிருந்து ஆறு அரைச்சுரம் எட்டி நிற்கும் இன்னொரு சுரம். மூன்றே சுரங்கள், மெல்ல மெல்ல, திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த மூன்றாவது சுரத்துக்கும் ஆதார சுரத்துக்கும் உள்ள இடைவெளியை ஐரோப்பியர் ‘இசையிலுள்ள பேய்’ என்று அழைத்தனர். எமது கணக்கில் அது ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இடைவெளி. 72 மேளகர்த்தாக்களிற் சரிபாதி, 36 இராகங்கள், இந்தப் பிரதி மத்திமத்தின்மீதே நிற்கின்றன. மங்கலம் பொருந்தியதென்று கொண்டாடப்படும் கல்யாணி அவற்றுள் ஒன்று. அங்கே பேய், இங்கே கல்யாணி. சுரத்துக்குள் அச்சமும் இல்லை, மங்கலமும் இல்லை. அவற்றை அதிலே வைப்பது சமுதாயத்தின் பழக்கம். சுத்த இசை, நித்திய இசை என்று பேசுவோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

தொழிற்சாலைப் பொறி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, இவ்விசையும் ஒரு சிறு தந்தித்தொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. ஆகவே பொறியே இசையாயிற்று. இப்படி ஒரு சூத்திரம் உடனே கிடைத்துவிடுகிறது. இதை ஏற்பதற்கு நான் தயங்குகிறேன். அதே பேர்மிங்காமில் அதே காலத்தில் அதே தொழிற்சாலைகளின் நிழலில் இனிய பாடல்கள் பாடிய குழுக்களும் இருந்தன. மேலும், பில் வாட்டின் முரசைக் கூர்ந்து கேட்பவர் அதிற் பொறியின் ஒழுங்கைக் காணமாட்டார். நீக்ரோ மக்களின் இசையென அன்று அழைக்கப்பட்ட ஜாஸ் இசையின் தளர்நடையும் ஊசலும் அதில் உண்டு. கிற்றாரின் சொல்வழக்கோ அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து பெறப்பட்டது. பொறி விரலைத்தான் வெட்டியது, இசையை ஆக்கவில்லை. வெட்டுண்ட விரலோடு இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்கள் திரளின் இசையைப் பற்றிக்கொண்டு, அதைத் தன் ஊரின் எடைக்கு ஏற்ப மாற்றியவன் ஒரு மனிதன். பொருளாதார அடித்தளத்துக்கும் கலைக்கும் இடையே மனிதக் கை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் செய்யப்படும் விமரிசனம் கொச்சைப் பொருள்முதல்வாதமே.

தொகுதி 1970 பெப்ரவரி 13ஆந் தேதி, மேல்நாட்டு மூடநம்பிக்கைக்குக் கெட்ட நாளான வெள்ளிக்கிழமை பார்த்து, பிலிப்ஸ் நிறுவனத்தின் கிளையான வேர்ட்டிகோவினால் வெளியிடப்பட்டது. உள்ளட்டையிலே தலைகீழ்ச் சிலுவை ஒன்று. அது குழுவினரைக் கேட்டுச் செய்யப்பட்டதன்று. பத்திரிகை விமரிசகர்கள் எள்ளினார்கள். இளைஞர்கள் வாங்கினார்கள். பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அது 8ஆம் இடத்தைப் பிடித்தது.

விற்பனை கண்ட நிறுவனம் சும்மா இருக்குமா? நான்கே மாதங்களில், 1970 யூனில், இரண்டாவது தொகுதிக்காக அவர்களை மீண்டும் பதிவுக்கூடத்துக்கு அனுப்பியது. இந்த இரண்டாவது தொகுதியின் கதையே எமது ஆய்வுக்கு முக்கியமானது.

தொகுதியின் முதற்பாடல் ஏறத்தாழ எட்டு நிமிடம் நீள்வது. பட்லர் அதற்கு ‘வால்புர்கிஸ்’ என்று, சூனியக்காரிகள் கூடுவதாகச் சொல்லப்படும் இரவின் பெயரை முதலில் இட்டிருந்தார். உண்மையான சூனியக்காரர் படைத்தலைவர்களே, உண்மையான சாத்தான் போரே என்பது அவர் கருத்து. பெயர் சமயத்தைப் புண்படுத்தும் என்று நிறுவனத்தார் கருதியதால் அது ‘வோர் பிக்ஸ்’, போர்ப் பன்றிகள், என்று மாறிற்று. வியற்நாம் யுத்தம் கொடூரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. அரசியல்வாதிகள் போரைத் தொடங்கிவிட்டு ஒளிந்துகொள்கிறார்கள், போரிடும் வேலையை ஏழைகளிடம் விட்டுவிடுகிறார்கள், மனிதரைச் சதுரங்கக் காய்களாக நகர்த்துகிறார்கள் என்பதே பாடலின் பொருள். அதே தொகுதியில் வியற்நாமிலிருந்து திரும்பிப் போதைக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரரைப் பற்றி ஒரு பாடல் உண்டு. அணுகுண்டு அழிவைப் பற்றி ஒன்று உண்டு. ‘நசிவுக் கலை’ என்போர் இந்த மூன்று பாடல்களையேனும் கேட்டபின் பேசுதல் நலம்.

தொகுதி முழுவதற்கும் ‘வோர் பிக்ஸ்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அட்டைப்படமும் அதற்கேற்ப ஆயத்தமாயிற்று: தலைக்கவசமும் கேடயமும் வாளும் ஏந்தி இருளிலிருந்து பாயும் மனிதன். அந்நிலையில் பதிவின் நீளம் போதவில்லை, மூன்று நிமிடத்துக்கு ஏதாவது வேண்டும் என்றார் தயாரிப்பாளர். மற்றையோர் உணவுக்குப் போயிருந்த வேளையில் அயோமி ஒரு தந்தித்தொடரைக் கண்டுபிடித்தார். அரைமணி நேரத்துக்குள் பாடல் முடிந்துவிட்டது. ‘பரனோயிட்’ என்ற அந்த நிரப்புப் பாடலைத் தனித்தட்டாக வெளியிட்டார்கள். அது 4ஆம் இடம்வரை ஏறியது. உடனே தொகுதியின் பெயரும் ‘பரனோயிட்’ ஆயிற்று. தனித்தட்டின் வெற்றியே காரணம் என்பர் சிலர். வியற்நாம் யுத்தத்தை ஆதரித்த அமெரிக்கச் சந்தைக்கு அஞ்சியதே காரணம் என்பர் வேறு சிலர். எனக்கு இவை இரண்டு காரணங்களாகத் தோன்றவில்லை. சந்தைக்கு எது உவப்பு, எது உவப்பின்மை என்ற ஒரே கணக்கின் வரவும் செலவும் அவை.

அட்டைப்படத்தை மட்டும் மாற்ற நேரமில்லை. ஆகவே பரனோயிட், அதாவது காரணமற்ற ஐயப்பித்து, என்று எழுத்து ஒருபுறம் இருக்க, வாளேந்திய மனிதன் எதற்காகப் பாய்கிறான் என்று தெரியாமல் இன்றுவரை அந்த அட்டையிற் பாய்ந்துகொண்டிருக்கிறான். போரைப் பற்றிய நூலுக்கு மனநோய்ப் பெயர் சூட்டியாயிற்று. போரைச் சமுதாயக் குற்றமாகச் சொன்ன கலைஞனின் குரல், தனிமனிதனின் மனக்கோளாறு என்ற பெயரிற் கடைக்கு வந்தது. முதலாளித்துவம் எதிர்ப்புக் குரலைத் தடைசெய்ய வேண்டிய தேவையே இல்லை, பெயரை மாற்றினால் போதும் என்பதற்கு இந்த அட்டை பாடப்புத்தகத்தில் வைக்கத்தக்க உதாரணம். போர்ப் பாடலின் இறுதிப் பகுதியில் ஒலிநாடாவின் வேகத்தைக் கூட்டியதும் தயாரிப்பாளரும் ஒலிப்பதிவாளருமே, வாசித்தவர்கள் அல்லர். இருந்தும் தொகுதி 1970 செப்ரெம்பரில் வெளிவந்து, மறுமாதமே பிரித்தானியாவில் முதலிடத்தை அடைந்தது.

அந்தப் பாடலில் எனக்குக் குறையே தெரியவில்லை என்று வாசகர் எண்ணிவிடலாகாது. ஏழையைப் போருக்கு அனுப்புபவர் யார் என்று துல்லியமாகக் காட்டிய பாடல், அவர்களுக்குத் தண்டனை கொடுக்கும் பொறுப்பைக் கடவுளிடம் விட்டுவிடுகிறது. இறுதித் தீர்ப்புநாள் வருகிறது, படைத்தலைவர்கள் மண்டியிட்டுக் கெஞ்சுகிறார்கள், சாத்தான் சிரிக்கிறான், பாடல் முடிகிறது. பாட்டாளியின் பிள்ளை பட்லருக்குக் கத்தோலிக்கத் தேவாலயம் தந்த முடிவு அது. அஸ்ரனில் தொழிற்சங்கங்கள் இருந்தன, வேலைநிறுத்தங்கள் இருந்தன. அவற்றின் சுவடு இந்த இரு தொகுதிகளிலும் இல்லை. கோபம் இருக்கிறது; கோபப்படுவோர் கூட்டமாகச் சேர்வது இல்லை. இது தனிமையின் கோபம். அதனாலேயே அது பின்வந்தோர் கையில் எளிதாக வெறும் வேடமாயிற்று. தோற்சட்டையும் மண்டையோடும் மிஞ்சின, தகட்டுத் தொழிற்சாலை மறைந்தது.

எமது நாட்டுக்கு இவ்விசை வந்தபோது என்ன நேர்ந்தது? 1990களின் இறுதியிற் கொழும்பில் உருவான ‘ஸ்ரிக்மாற்றா’ என்ற குழு 2003, 2006, 2010, 2015 ஆகிய ஆண்டுகளில் தொகுதிகளை வெளியிட்டது. இந்த ஆண்டுகளை வன்னியிலிருந்து வாசிக்கும்போது வேறு பொருள் புலப்படுகிறது. 2003இல் ஏ-9 வீதி திறந்திருந்தது. 2006 ஓகஸ்ட்டில் அது மூடப்பட்டது. 2009 சனவரி 2ஆந் தேதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமாயிற்று, அதே மாதத்திற் போர்முனை எமது ஊர்களைக் கடந்து கிழக்கே நகர்ந்தது. ஒரே தீவில், ஒரே ஆண்டுகளில், ஒருசாரார் இரும்பின் இசையைப் பதிவுசெய்தனர். ஒருசாரார்மீது இரும்பு விழுந்தது. இது அக்குழுவினர்மீது நான் சாட்டும் குற்றமன்று. அவர்கள் உழைப்பும் தேர்ச்சியும் மறுக்கமுடியாதன. ஆயின் அவர்கள் பாடுவது ஆங்கிலம். இங்கே ஆங்கிலம் எந்த வகுப்பின் வீட்டுமொழி என்பது யாவரும் அறிந்ததே. அஸ்ரனிற் கொச்சை ஆங்கிலம் பேசிய தொழிலாளியின் கலையாக இருந்தது, கொழும்புக்கு வரும்போது பெரும்பாலும் படித்த நகரத்தவரின் கலையாகிவிட்டது. பொருள் கப்பலேறி வரும்போது அதன் விலைச்சீட்டு மாறுவதுபோலக் கலையின் வகுப்பும் மாறுகிறது.

சிங்கப்பூரின் ‘ருத்ரா’ இன்னும் சிக்கலான வழக்கு. 1992இற் தோன்றிய இக்குழு இந்திய வம்சாவளியினரால் ஆனது. பாடுபவரும் தாழ்சுரக் கிற்றார் வாசிப்பவருமான கதிரசன், முரசு வாசிக்கும் சிவானந்த் பழனிசாமி ஆகியோரின் பெயர்களே அவர்கள் எம்மவர் என்பதைச் சொல்லும். 1998இல் முதற்தொகுதி. பின்னர் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற பெயரில் மூன்று தொகுதிகள். வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் மெற்றல் இசையின் கடுங்குரலோடு இணைத்துத் தம் கலையை ‘வேத மெற்றல்’ என்று அழைக்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்வாளரும் இதை ஆராய்ந்துள்ளனர்.

கேட்டுப் பார்த்தேன். இசையளவில் இது போலி இல்லை. மந்திர உச்சரிப்பின் ஒழுங்கும் முரசின் அதிவேகமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடங்கள் உண்டு. மேல்நாட்டுக் குழுக்கள் சாத்தானைப் பற்றிக்கொண்டிருக்க, தமக்கென ஒரு மூலத்தைத் தேடியது துணிவுதான். ஆயினும் என் ஐயம் தேடிய திசையைப் பற்றியது. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக விளங்கும் நாடு சிங்கப்பூர். அங்கே துறைமுகத்திலும் வீதியிலும் வியர்வை சிந்திய தமிழ்க் கூலிகளின் வரலாறு இருக்கிறது. இரும்பின் இசைக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் எது? அதைத் தாண்டிச்சென்று, உலகம் தோற்றமே என்னும் தத்துவத்தை இவ்விசையில் ஏற்றுவது, விரலை வெட்டிய பொறியும் தோற்றமே என்று சொல்வதற்கு ஒப்பாகும். 2001ஆம் ஆண்டுத் தொகுதிக்கு ‘ஆரியப் போர்ப்பயணம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் இட்டார்கள். ‘ஆரிய’ என்ற சொல்லுக்குச் சமஸ்கிருதத்தில் மேன்மை என்ற பொருள் உண்டு என்பது மெய்யே. ஆயின் 20ஆம் நூற்றாண்டு அந்தச் சொல்லின்மீது என்ன எழுதிற்று என்பதை ஓர் இசைத்தட்டின் அட்டை அழித்துவிட முடியாது.

இங்கே எமது பறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பேரொலி, அதிர்வு, உடலைத் தாக்கும் தாளம், இவை எமக்கும் புதியன அல்ல. கோயிற் சடங்கிலும் சாவீட்டிலும் பறை முழங்கியது. அதை முழக்கும் கையை மட்டும் சமுதாயம் தீண்டாதென்று ஒதுக்கியது. அந்த இழிவின் சின்னமாகவே இருந்தமையால், பல ஊர்களில் அம்மக்களே தம் பறையைக் கைவிட்டனர். அவர்கள் விட்டது சரியே. இன்று மேடையில் அதை ‘எமது பண்பாட்டுச் சொத்து’ என்று கொண்டாடுவோர், கொண்டாடும் உரிமை தமக்கு எப்போது கிடைத்தது என்று எண்ணிப்பார்க்கட்டும். எந்த ஒலி இசை, எந்த ஒலி இரைச்சல் என்று பிரிப்பவர் பெரும்பாலும் காதைக்கொண்டு பிரிப்பதில்லை. வாசிப்பவர் யார் என்று பார்த்தே பிரிக்கிறார்.

இத்தனைக்கும் மேலாக ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலியது. இதை என்னிடம் கூறியவர் என்னுடன் கற்பிக்கும் மூத்த ஆசிரியை ஒருவர். “தம்பி, செல்லடிக்குள்ள ஓடி வந்த சனம் நாங்கள். இன்னும் கதவு அடிச்சுச் சாத்தினாலே நெஞ்சு பதறுது. இந்தச் சத்தத்தைப் பிள்ளைகளுக்கு இசையெண்டு காட்டோணுமோ?” என்றார். கோட்பாட்டினால் இதற்கு விடையிறுக்க இயலாது. அவரது செவி அவருடையது. அதற்குள்ளே புகுந்த இரும்பை எந்த அழகியலும் வெளியே எடுக்காது. நல்லூர்த் திருவிழாவின் வெடியோசையே பொறுக்காதவர் எம்மிடையே உள்ளனர். இவ்விசையை எல்லோரும் கேட்கவேண்டும் என்பது என் கட்சியன்று.

ஆயினும் இன்னொரு செவியும் உண்டு. பரந்தனில் வெல்டிங் வேலைசெய்யும் என் வயது நண்பர் ஒருவர் இந்தப் பாடல்களை நாள்முழுதும் கேட்பவர். 1950களில் பரந்தனில் எழுந்த அரச இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் ஆக்கி, இப்பகுதியில் உண்மையான ஒரு தொழிலாளர் கூட்டத்தை உண்டாக்கியிருந்தது. 1980களின் நடுப்பகுதியிற் போர் அதை நிறுத்தியது. அங்கே வேலைசெய்தவரின் பேரன் இவர். போர் முடிந்தபின் இப்பகுதியிற் பலரைப்போல இவரும் சிலகாலம் பழைய இரும்பு பொறுக்கி விற்றார். இன்று படலையும் யன்னற்கம்பியும் உழவுவண்டிப் பெட்டியும் ஒட்டுகிறார். ஆங்கிலம் அறியார். ஏன் கேட்கிறீர் என்றேன். “செல் வரேக்க நிப்பாட்ட ஏலாது. இதை நிப்பாட்டலாம். அதுதான்,” என்றார். பதிவுக்கூடத்தைப் பற்றியும் சுருதியைப் பற்றியும் நான் இதுவரை எழுதியவற்றில் இந்த விடை இல்லை.

2025 யூலை 5ஆந் தேதி, அந்த நால்வரும் தாம் வளர்ந்த அஸ்ரனிலுள்ள வில்லா பார்க் விளையாட்டரங்கில் கடைசி முறையாக ஒன்றாக வாசித்தனர். ஒஸ்போர்ன் நிற்க இயலாமல் அமர்ந்தே பாடினார். 17 நாட்களின் பின், யூலை 22இல், இறந்தார். அன்று அவர்கள் வாசித்தவை நான்கு பாடல்கள். முதலாவது ‘வோர் பிக்ஸ்’.

செய்தி கேட்டு நண்பர் அந்தப் பாட்டின் பொருளை எழுதித் தரச் சொன்னார். உரைநடையிலே எழுதிக் கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு, இரண்டு தரம் வாசித்தார். அரசியல்வாதி ஒளிந்துகொள்ளும் இடத்தில் தலையசைத்தார். முடிவுக்கு வந்ததும் தாளைத் திருப்பித் தந்தார். “உவ்வளவும் சரியாச் சொல்லிப்போட்டு, கடைசியிலை கடவுள் பாத்துக்கொள்ளுவார் எண்டு விட்டிட்டாங்களே. உதைச் சொல்ல எங்கட அம்மம்மா காணும், கிற்றார் என்னத்துக்கு?” என்றார். பிறகு பாட்டை மறுபடியும் போட்டுவிட்டு, படலை வேலைக்குத் திரும்பினார்.